திருகோணமலைக்கு முதல் டைவிங் பயணம்: கடலையும் றோட்டையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி

கரீபியன் கடலில் பொனேயர் என்றொரு தீவு உண்டு. அங்கே போகிறவர்கள் ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, காற்று உருளைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு கரையோரமாகவே ஓட்டிப் போவார்கள். றோட்டோரம் மஞ்சள் பூசிய கல் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, அங்கேயே நடந்து கடலில் இறங்கிவிடலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே கணக்கில் திருகோணமலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கணக்கு வேறு. நல்ல பவளப் பார்கள் பெரும்பாலும் படகில் போகும் தூரத்தில் கிடக்கின்றன. வாகனம் தேவைப்படுவது கடலில் இறங்காத நேரத்துக்கு. ஆனால் காலையில் கடலில் செய்தது மாலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் உடம்பில் இன்னும் இருக்கிறது. டைவிங்கை ஒருவரும் றோட்டை இன்னொருவருமாகத் தனித்தனியே திட்டமிட்ட பயணங்களில்தான் அதிகம் பிழை நேர்கிறது.

ஆகவே கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கடைசி நாள் முதலில்

ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக, பல மணித்தியாலங்கள் எடுத்து வெளியேறுகிறது. அது வெளியேறி முடியுமுன் சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைந்தால் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகலாம். மூட்டு வலி, விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, தலைச்சுற்று, காரணமில்லாத களைப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். டைவர்ஸ் அலேர்ட் நெற்வேர்க் என்ற அமைப்பின் வழிகாட்டல் இது: ஒரேயொரு தடவை இறங்கினால் விமானம் ஏற 12 மணித்தியாலம், பல தடவை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். 24 வைத்துக்கொண்டால் கணக்குப் பார்க்கவே வேண்டியதில்லை.

விமானத்துக்கு நாள் ஒதுக்குகிறவர்கள் கூட மலையை மறந்துவிடுகிறார்கள். அதே வழிகாட்டல் சுமார் 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்கு றோட்டால் ஏறுவதற்கும் பொருந்தும். நுவரெலியா 1,868 மீற்றர். எல்ல ஆயிரத்துக்கு மேல். அப்புத்தளை, ஹட்டன் இரண்டும் அதைவிட உயரம். காலை பத்து மணிக்குக் கடலிலிருந்து ஏறி, பகல் சாப்பிட்டுவிட்டு வான் வண்டியில் கிளம்பினால், இருட்டும் நேரத்தில் ரம்பொடைத் திருப்பங்களில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். வான் சாரதிக்கு இது தெரிய நியாயமில்லை. திட்டம் போடுகிறவர்தான் தெரிந்திருக்க வேண்டும். கண்டி சுமார் 500 மீற்றர்தான். முந்தின நாளோடு டைவிங்கை முடித்திருந்தால் அங்கே போய்த் தங்குவதில் தொல்லை இல்லை.

ஏழு நாள் இருந்தால் இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் வெளிச்சத்தோடு வந்து சேர்வது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை காலையில் கடல், மாலையில் கிட்டிய இடங்கள். ஆறாம் நாள் முழுதும் கடல் மட்டத்திலேயே கரையோர ஓட்டம். ஏழாம் நாள் மலையோ கட்டுநாயக்க விமான நிலையமோ, விருப்பம் போல. ஐந்து நாள்தான் லீவு என்றால் வெட்ட வேண்டியது டைவிங்கில் ஒரு நாளை, இடைவெளியை அல்ல.

எந்த மாதம்

கிழக்குக் கரையின் கடல் சித்திரை கழிந்து தெளிந்து, புரட்டாசி வரை நல்லபடி இருக்கும். ஆங்கில மாதத்தில் மே முதல் செப்டெம்பர் வரை நம்பலாம். ஏப்ரலும் ஒக்டோபரும் வருடத்தைப் பொறுத்தவை. வாடைக்காற்று தொடங்கினால் தண்ணீர் கலங்கி, படகுகள் கரையேறிவிடும். டிசெம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டைவிங்குக்காக திருகோணமலை வர வேண்டாம்.

சீசனுக்குள்ளும் ஒரு நாளின் நேரம் முக்கியம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்குத் தட்டையாகக் கிடக்கும் கடல் மத்தியானத்துக்குள் குழம்பும். காலைப் படகையே கேளுங்கள். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. காற்றடைத்த டியூப்பில் பிள்ளையை விட்டால் அலையே இல்லாத கடலிலும் அது வெளியே இழுத்துக்கொண்டு போகும். நீந்தத் தெரிந்தவரும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

ஆகஸ்டில் பாடசாலை விடுமுறையும் வெளிநாட்டுக்காரரும் சேர்வதால் நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவில் கால் வைக்க இடமிராது. பௌர்ணமியோடு சேர்ந்த வார இறுதிகளும் அப்படித்தான். கிழமை நாட்களாகப் பாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மின்னேரியாவில் யானைகள் கூடும் காலம். கொழும்பு வழியில் ஹபரணையில் ஓர் இரவு தங்கினால் அதையும் பார்த்துவிடலாம்.

வரும் வழி

கொழும்பிலிருந்து ஏ1, பிறகு ஏ6: குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். ஏறத்தாழ 260 கிலோமீற்றர், ஓய்வோடு ஆறிலிருந்து ஏழு மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக வவுனியா, அங்கிருந்து ஏ29-இல் ஹொரவப்பொத்தானை, பிறகு ஏ12. மட்டக்களப்பிலிருந்து ஏ15: வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. ஒரு காலத்தில் படகுப் பாதைகளில் காத்துக் கிடந்த வழி அது. 2009-இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு தடையில்லாமல் ஓடலாம்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைக் காடு. மாலை ஐந்து மணிக்குள் அந்தத் துண்டைக் கடந்துவிடுகிற மாதிரிப் புறப்படுங்கள். யானை றோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காமல், லைட்டை வெட்டி வெட்டிப் போடாமல், நிற்கிற லொறியை முந்தாமல் காத்திருங்கள். அது உங்கள் பக்கம் நடந்து வந்தால் மெல்லப் பின்னால் எடுங்கள். பழம் நீட்டுவது கூடவே கூடாது. சாப்பாடு கிடைத்துப் பழகிய யானைதான் அடுத்த வாகனத்தின் கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடுகிறது.

வேக எல்லை ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர். வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் கையில் இருந்தால் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியை முதலே எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மோதினால் காப்புறுதி கைவிடும். இவ்வளவும் வேண்டாமென்றால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கி, இங்கே மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ பிடிக்கலாம். தனியாக வருகிறவருக்கு அதுதான் லாபம்.

தங்குவதற்கு இரண்டு பக்கம். உப்புவெளி, அலஸ்தோட்டம் என்றால் பட்டணத்துக்கு ஐந்தாறு கிலோமீற்றர். கடை, சாப்பாடு, டைவிங் நிலையங்கள் எல்லாம் நடந்து போகும் தூரம். நிலாவெளி பதினைந்து கிலோமீற்றர், அமைதி, புறாத்தீவுப் படகு கிட்ட.

உடம்பும் பத்திரமும்

முதல் தடவை என்றால் இரண்டு தெரிவு. ஒன்று, பயிற்றுநரின் கைப்பிடியில் ஒருநாள் அனுபவம். ஆழம் 12 மீற்றருக்கு மேல் போகாது. மற்றது, ஓப்பன் வாட்டர் சான்றிதழ்: மூன்று அல்லது நான்கு நாள், கடலில் நான்கு தடவை இறக்கம், முடித்தால் 18 மீற்றர் வரை. பத்து வயதிலிருந்து சேரலாம். 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். பாடக் காணொளிகளை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தால் ஒரு நாள் மிச்சம்.

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது சத்திரசிகிச்சை, அண்மையில் நடந்த எந்தச் சத்திரசிகிச்சையும் "ஆம்" என்றால் வைத்தியரின் கையெழுத்து வேண்டும். அதை ஊரிலேயே வாங்கி வாருங்கள். இங்கே வந்து தேடினால் ஒரு காலை போய்விடும். கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது.

நிலையத்தைத் தெரிவு செய்யும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை: புதியவர் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி (நான்குக்கு மேல் என்றால் வேண்டாம்)? ஆக்சிஜன் படகிலேயே இருக்கிறதா? குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் உயரழுத்த அறைக்கு அனுப்ப வேண்டி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? படகில் நிழலும் ஏணியும் உண்டா? கடைசிக் கேள்விக்குச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பதினைந்து கிலோ முதுகில் இருக்க, ஏணியில்லாத பைபர் படகில் ஏறிப் பார்த்தவர் சிரிக்க மாட்டார். உருளையைத் திறந்து காற்றை முகரச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்த உருளை வேண்டாம்.

தண்ணீருக்குள்

முதல் நாள் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காதுதான், பயம் அல்ல. மேற்பரப்பில் ஒரு மடங்கு அழுத்தம். பத்து மீற்றரில் இரண்டு மடங்கு. அதே மடங்கு இன்னொரு தடவை பெருக முப்பது மீற்றர் வரை போக வேண்டும். ஆகவே காதுக்கு வேலை அதிகம் முதல் சில மீற்றர்களில். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவதை, தலை தண்ணீருக்குள் போவதற்கு முன்பே ஒரு தடவை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு அரை மீற்றருக்கும் ஒரு தடவை. வலி தொடங்கிய பிறகு ஊதினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். பலமாக ஊதினால் உட்காது காயப்படும். ஒரு மீற்றர் மேலே வாருங்கள், திரும்ப மெதுவாக ஊதுங்கள். காலை முன்வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாதித் தொல்லை தீரும். தடிமன் இருந்தால் அன்று இறங்க வேண்டாம். மருந்து போட்டுக்கொண்டு இறங்குகிறவருக்கு மருந்தின் வேகம் ஆழத்தில் குறைந்து, மேலே வரும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது மாஸ்க். பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். பற்பசையை விரலால் உட்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. இல்லாவிட்டால் எவ்வளவு துப்பித் தேய்த்தாலும் மூடுபனிதான். மீசை உள்ளவர்களுக்குத் தண்ணீர் மூக்குக்குக் கீழேதான் கசியும். மீசையை எடுக்கத் தேவையில்லை. மூக்கை ஒட்டி ஒரு வரி மழித்தால் சிலிக்கன் ஒட்டிக்கொள்ளும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் தாழ்வாகப் பின்னி, நெற்றி மயிர் ஓரத்துக்குள் போகாமல் பாருங்கள். பட்டியை இறுக்குவது எதற்கும் மருந்தல்ல. இறுக்க இறுக்க ஓரம் வளைந்து இன்னும் கசியும்.

உடம்பு அமிழ இடுப்பில் கட்டும் ஈயம் அளவுக்கு மேல் போனால் காற்று வேகமாய்த் தீரும், பவளத்தில் கால் அடிபடும். மிதவைச் சட்டையின் காற்றை முழுவதும் விட்டுவிட்டு, சாதாரணமாக மூச்சை வைத்திருக்கும்போது தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த உருளையோடு சோதித்தால் இன்னும் இரண்டு கிலோ சேருங்கள். காற்றுக்கும் நிறை உண்டு. கடைசியில் உருளை இலேசாகிவிடும். தண்ணீர் 27 முதல் 30 பாகை செல்சியஸ். 3 மில்லிமீற்றர் உடை போதும்.

காற்றுக் கணக்கை மனத்தில் போடப் பழகுங்கள். பதினொரு லீற்றர் உருளை, 200 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு). படகுக்கு 50 பாரோடு திரும்ப வேண்டும். ஆக 150 பார், 1,650 லீற்றர். பதற்றமுள்ள புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பார். 12 மீற்றரில் அது 2.2 மடங்கு, 44 லீற்றர். சுமார் 37 நிமிடம். 18 மீற்றரில் அதே ஆள் அரை மணித்தியாலம் தாங்க மாட்டார். 100 பார் ஆனதும் வழிகாட்டிக்குக் கையால் சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை பார்த்திராதீர்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மிஞ்சாமல், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். மூச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் அடக்காதீர்கள். ஏறும்போது நுரையீரலில் காற்று விரிகிறது.

எங்கே இறங்குவது

புறாத்தீவு, ஊரார் சொல்லும் புறாமலை, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 1963-இல் சரணாலயமாகி 2003-இல் தேசியப் பூங்காவானது. டிக்கெட், சேவைக் கட்டணம், படகு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலங்கை அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ காட்டினால்தான் உள்ளூர்க் கட்டணம். தமிழ் பேசுவது கணக்கில்லை. செட்டை நுனி கறுத்த சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலேயே திரியும். துரத்தாமல் மிதந்தால் அவையே சுற்றி வரும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். ஒரு மிதி பல வருட வளர்ச்சியை உடைக்கிறது, இந்தத் தீவில் அப்படி மிதிபட்டுச் செத்த பவளம் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. துடுப்புச் செருப்பைக் கரையிலே போட்டு நடக்காமல், இடுப்பளவு தண்ணீரில் போடுங்கள்.

சுவாமி மலையின் அடி வேறு வகை. போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் பாறைகளுக்கிடையில் கிடக்கின்றன. 1956-இல் கடலடிப் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவற்றைக் கண்டார்கள். மேலே மணியோசை கேட்கும் கோயில், கீழே அதன் பழைய உடம்பு. இலங்கையில் ஒரு தமிழர் இறங்க வேண்டிய இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் முதல் நாளில் அல்ல. பாறையில் மோதித் திரும்பும் அலை கீழேயும் ஆளை முன்னும் பின்னும் ஆட்டும். மிதவைக் கட்டுப்பாடு கைவந்த பிறகு, காற்றில்லாத காலையில். எதையும் தொடாமல், எடுக்காமல்.

கப்பல்கள் என்றால் 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலின் மிச்சங்கள். பாசிக்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீற்றரில். அதற்கு ஓப்பன் வாட்டருக்கு அடுத்த அட்வான்ஸ்ட் சான்றிதழ் தேவை. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே. சாதாரணக் காற்று உருளையோடு அங்கே கூட்டிப் போகிறேன் என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். துறைமுகத்துக்குள் கடற்படையின் ஆட்சி, நினைத்த இடத்தில் படகு போகாது. ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்க விட வேண்டாம்.

வாகனத்தோடு

கடல் தலைச்சுற்று மாத்திரை பல வகை தூக்கம் தரும். அதைப் போட்டவர் அன்று ஓட்டக் கூடாது. குடும்பத்தில் ஓட்டத் தெரிந்தவர் இருவர் என்றால், அன்று இறங்காதவரிடம் சாவியைக் கொடுங்கள். காலை உணவு பாணும் வாழைப்பழமும், படகுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு. வந்ததும் இளநீர், பிறகு இரண்டு மணித்தியாலம் நித்திரை. அன்று மாலை கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை மான்கள், கடற்கரை. அதற்கு மேல் வேண்டாம். கன்னியா ஏழு வெந்நீர்க் கிணறுகளை டைவிங் இல்லாத நாளின் விடியற்காலைக்கு வையுங்கள். கடலிலிருந்து ஏறிய உடனே உடம்பைச் சூடாக்குவதும் குமிழிக்கு வழி, சிறிதென்றாலும்.

ரிமோட் சாவியை உடைக்குள் வைத்துக் கடலில் இறங்கினால் அது அன்றோடு சரி. நிலையத்தில் கொடுத்து வையுங்கள். தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். வாடகை வாகனத்தை எடுக்கும்போதே ஸ்பெயார் டயரை வெளியே எடுத்து அமுக்கிப் பாருங்கள். ஜக் கைப்பிடி இருக்கிறதா, நட்டுகள் துருப்பிடித்து இறுகவில்லையா என்றும் பாருங்கள்.

மணலில் புதைந்தால் அக்சிலரேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒவ்வொரு சுழற்சியும் ஒரு விரல் ஆழம். நிறுத்தி இறங்குங்கள். டயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், சக்கரத்துக்குப் பின்னாலுள்ள மணலைத் தோண்டிச் சாய்வாக்குங்கள், தென்னோலையை அடியில் திணியுங்கள். முன் சக்கரங்களை நேராக வைத்து, மெதுவாக, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். தார் றோட்டுக்கு வந்ததும் கிட்டிய பெற்றோல் செட்டில் காற்றை நிரப்புங்கள்.

ஆறாம் நாள் ஓட்டத்துக்கு வடக்குப் பக்கம் நல்லது: நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, புல்மோட்டை, அரிசி போல மணல் கிடக்கும் அரிசிமலை. முழுதும் கடல் மட்டம். வெயிலோடு திரும்பி வாருங்கள். இருட்டினால் மாடுகள் தாரின் சூட்டுக்கு றோட்டிலேயே படுக்கும், கறுத்த மாட்டுக்கு லைட் வெளிச்சம் காணாது.

டைவிங்குக்குப் பிறகு 24 மணித்தியாலத்துக்குள் விறைப்போ மூட்டு வலியோ வந்தால் "வெயில் களைப்பு" என்று தள்ளாதீர்கள். படுக்க வையுங்கள், நிலையத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்து வரச் சொல்லுங்கள், 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு ஏறினார் என்று ஒரு துண்டில் எழுதி ஆளோடு அனுப்புங்கள். கொம்பியூட்டர் கைக்கடிகாரம் இருந்தால் அதையும் கழற்றிக் கொடுத்து விடுங்கள்.

ஐந்தாம் நாள் பகல், கடைசித் தடவை ஏறியதும், நேரத்தை வாகன டாஷ்போர்டில் ஒரு கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். பொருட்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, ஈரத்தோடு ஏற்ற வேண்டி வந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து ஏற்றுங்கள். உப்புத் தண்ணீர் சீற்றுக்குள் இறங்கினால் வாடகைக்காரர் முற்பணத்தில் பிடிப்பார்.